சொந்த வீட்டில் மாப்பிள்ளை

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மை கேட்டாள்: “மாப்பிள்ளைக்கு மோரு தரட்டா, காப்பி போடட்டா?”

கேட்டது என்னை. நான் அவள் பெற்ற மகன், ஒரே ஆண்பிள்ளை. உட்கார்ந்திருந்தது சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில், நான் பிறந்து வளர்ந்த வீட்டின் முன்னறையில். தலைக்கு மேலே என் அப்பாவின் படம். கடைத்தெருவிலிருந்து வந்த மிளகாய் வற்றல் நெடியில் மூக்கு அரித்தது. எல்லாம் எனக்குப் பழகியவை. அந்தக் கேள்விதான் பழகவில்லை.

கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. மீதி இடைவெளியில் அவளுடைய வெள்ளைச் சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே வந்து நிற்கக் கூடாது என்பது எங்கள் நாஞ்சில்நாட்டு வீடுகளில் அன்றைய வழக்கம். பேச வேண்டியிருந்தாலும் கதவு மறைவில் நின்று, பேர் சொல்லாமல், ‘நீ’ சொல்லாமல் பேசுவார்கள். அந்த மரியாதையை என் அம்மை எனக்குச் செய்துகொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். வெளிய வா அம்மை. இது என்ன கூத்து?” என்றேன்.

அவள் உள்ளே யாரிடமோ சொல்வதுபோல், “மாப்பிள்ளை கோவமா இருக்காரு. மோரே குடுத்திருவோம்” என்றாள்.

எனக்கு முன்கோபம் உண்டு. இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வந்த மோரை வாங்கி அப்படியே முற்றத்தில் ஊற்றினேன். உள்ளே என் அக்கா பகவதி சிரித்துவிட்டாள். “மாப்பிள்ளை முறுக்கும் வந்தாச்சு அம்மை. இனி ஒரு குறையும் இல்ல” என்றாள்.

அப்போது என் மனைவி லியென் ஏழு மாதக் கர்ப்பிணி. நான் சொந்த வீட்டில் மாப்பிள்ளையான கதையை இந்த வாரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வாரமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். சம்பந்தப்பட்டவர்களில் ஒருத்தி இப்போது இல்லை. இன்னொருத்தி, “எழுது, ஆனால் உன்னை நல்லவனாக்கி எழுதாதே” என்று சொல்லியிருக்கிறாள்.

அப்பா மறைத்த கடிதம்

லியென் அன்னாம் தேசத்துப் பெண். இப்போது வியட்நாம் என்கிறார்கள். சைகோனில் ஒரு தமிழருடைய ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் துணி அளந்து கிழித்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அந்தக் கடைக்கு வெற்றிலை கொண்டுவருகிறவளாகத்தான் லியெனை முதலில் பார்த்தேன். அவள் அம்மா மீத்தோ என்ற ஆற்றங்கரை ஊரின் சந்தையில் வெற்றிலை பாக்கு விற்றவள். அப்பா கிடையாது. ஒரு அண்ணன்.

அந்த ஊரிலும் பெண் கேட்க வெற்றிலை பாக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வெற்றிலைக்காரி வீட்டுக்கு வெற்றிலை கொண்டுபோனவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்த அம்மாள் தட்டை வாங்கி, ஒரு வெற்றிலையைத் திருப்பிப் பார்த்து, “இது என்னிடம் வாங்கியதுதான்” என்றாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தலைப்பேறுக்கு மகளைத் தன்னிடம் கொண்டுவந்து விட வேண்டும். முதல் பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது அங்கேயும் முறை.

நம்மூர் முறையேதான் அது. அதற்கென்ன, தாராளமாக என்றேன். சைகோனிலிருந்து மீத்தோவுக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. சத்தியம் செய்ய எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்து அப்பாவுக்கு எழுதினேன். ‘அம்மையிடம் நான் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்’ என்று பதில் வந்தது. அவர் சமயம் பார்த்துக்கொண்டே இருந்து, சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தந்தி வந்தது. சாலைக் கடைத்தெருவில் இருந்த எங்கள் இரும்புக்கடையைப் பார்க்க வேறு ஆளில்லை. இரண்டு பேரும் கப்பல் ஏறினோம்.

வண்டி வாசலில் நின்றதும் அம்மை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகுதான் என் பின்னால் கைப்பெட்டியோடு நின்றவளைப் பார்த்தாள்.

“இது யாரு?”

சொன்னேன்.

“ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அம்மை மேலே எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். இறந்தவரிடம் போய்ச் சண்டை போட முடியாது. அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து லியென் தலையில் விழுந்தது.

கூப்பிடாமல் சாப்பிட மாட்டாள்

இரண்டு வருஷம் லியெனுக்கு அடுக்களை கிடையாது. அம்மை எனக்குப் பரிமாறுவாள். நான் எழுந்த பிறகு அவள் சாப்பிடுவாள். லியெனுக்கு ஒரு தட்டில் போட்டுப் புறவாசலில் வைத்துவிடுவாள். வசவு இல்லை, அடி இல்லை. பேச்சும் இல்லை.

லியென் வீட்டில் அப்படியல்ல. ஒரு பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள். சோற்றைத் தொடுவதற்கு முன்னால், இளையவர்கள் ஒவ்வொரு மூத்தவரையும் முறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அம்மா, சாப்பிடுங்கள். அண்ணா, சாப்பிடு. மூத்தவர் ஒரு வார்த்தை பதில் சொன்ன பிறகுதான் கை தட்டுக்குப் போகும். இந்த வீட்டில் சேர்ந்து உட்கார முடியாது என்பதை லியென் ஒரே நாளில் ஒத்துக்கொண்டாள். கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

என்னிடம் தமிழில் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு, அடுக்களை வாசலில் நின்று, “அத்தை, சாப்பிட வாங்க” என்றாள். அம்மை திரும்பிப் பார்க்கவில்லை. லியென் தட்டை எடுக்கவில்லை. சோறு சாயங்காலம் வரை காய்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் நான் இரண்டு பேரிடமும் கத்தினேன். நான் கத்தி அந்த வீட்டில் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நாலாம் நாள் அம்மை, “ம்” என்றாள். லியென் போய்ச் சாப்பிட்டாள். அந்த ‘ம்’தான் இரண்டு வருஷம் அவர்களுக்குள் நடந்த பேச்சு முழுவதும்.

இதையெல்லாம் நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளானால் சரியாகிவிடும் என்று கடைக்குப் போய்விடுவேன். லியென் சொன்னபடி, என்னை நல்லவனாக்காமல் எழுதுகிறேன்.

கிணற்றடியில்

லியென் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த சமயத்தில் உலக யுத்தம் சைகோனையும் தொட்டுவிட்டது. கப்பல் நின்றது. அவள் எழுதிய கடிதங்கள் முத்திரை மேல் முத்திரையோடு திரும்பி வந்தன. நான் அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் மாதத்தில் அவள் என்னை உட்காரவைத்து, “நீ என் அம்மாவிடம் சத்தியம் செய்தாய்” என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். அம்மை புறவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் சத்தம் காட்டாதே என்று கையைக் காட்டினாள்.

கிணற்றடியில் லியென் தட்டை வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள். மெதுவாக ஏதோ சொன்னாள். பதில் வருவதற்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“என்னடே சொல்லுகா?” என்று அம்மை கேட்டாள்.

“அவ அம்மையைச் சாப்பிடக் கூப்பிடுகா.”

“தெனமும் உண்டா இது?”

“எனக்குத் தெரியாது.”

“ஒனக்கு என்னதான் தெரியும்?” என்றாள். பிறகு, “அவ ஊர்ல தலைப்பேறு எங்க வச்சு?”

“அம்மை வீட்ல வச்சுத்தான்.”

“நம்மளப் போலயா?”

“நம்மளப் போலத்தான்.”

அன்றைக்கு அம்மை எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

நாலு வீடு சுற்றி

மறுநாள் கரமனையில் கட்டிக்கொடுத்திருந்த பகவதி அக்காவை வரச்சொல்லி ஆள் போயிற்று. அக்கா வந்ததும் அம்மை எங்களை உட்காரவைத்து, நின்றபடியே சொன்னாள்.

“தலைப்பேறு மாமியார் வீட்ல வைக்கப்படாது. அவளுக்குப் போக எடமில்ல. அதனால இதுதான் அவ பெறந்த வீடு. நான் அவளுக்கு அம்மை.”

அக்கா வாயைப் பிளந்தாள். “அப்ப மாமியார் யாரு?”

“நீதான். நீ தம்பிக்கு மூத்தவ. நீ அவளை எங்கூட அனுப்பி வைக்கணும்.”

“அப்ப நான்?” என்றேன்.

“நீ மாப்பிள்ளை. பேறு முடியிற வரைக்கும் ஒனக்கு இங்க சோலி இல்ல. கடை மச்சுல போய்க் கெட.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மை விளையாட்டுக்கு எதுவும் சொல்கிறவள் அல்ல என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

ஏழாம் மாதம் நல்ல நாள் பார்த்து வளையல் அடுக்கினார்கள். அக்கா மாமியார் முறையில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கூட்டிட்டுப் போங்க” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அம்மை லியென் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள். இரண்டு பேரும் நாலு வீடு தாண்டிப் பிள்ளையார் கோயிலைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட அதே வாசலுக்கு வந்தார்கள். சந்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்று வேடிக்கை பார்த்தது. அம்மை லியெனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய், ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

“வா மக்ளே” என்றாள்.

லியென் என்னைப் பார்த்தாள். அவள் பாஷையில் சொன்னேன்: “இனிமேல் இவள் உனக்கு மாமியார் இல்லை. உன் அம்மா.” அவள் அம்மையின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பலாமா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு படியேறினாள். அன்றைக்கு மத்தியானம் அவள் அடுக்களைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டு ஊர் மாப்பிள்ளை

நான் கடை மச்சுக்குப் போனேன். கீழே இரும்பு, மேலே நான். போர்வையில்கூடத் துரு வாசனை. வாரத்துக்கு இரண்டு தரம் பழம் வாங்கிக்கொண்டு போய் என் மனைவியை என் வீட்டில் பார்த்துவிட்டு வர அனுமதி. மோரை ஊற்றியது மூன்றாவது தடவை போனபோது நடந்தது.

அன்றைக்கு லியென் வெளியே வந்து, முற்றத்தில் கிடந்த மோரையும் என்னையும் பார்த்தாள். கை நிறைய வளையல். முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

“உங்கள் ஊர் மாப்பிள்ளை உட்கார்ந்து மோர் குடிக்கிறார்” என்றாள், அவள் பாஷையில். “எங்கள் ஊர் மாப்பிள்ளை பெண் வீட்டில் வேலை செய்வார். தண்ணீர் இறைப்பார், விறகு பிளப்பார். உனக்கு எது வேண்டும்?”

மோருக்கு வேலை மேல் என்று புறவாசலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். கதவு மறைவில் அம்மை பதறிவிட்டாள். “மாப்பிள்ளை வெள்ளம் கோரப்படாது. அயலுக்காரங்க என்ன நெனப்பாங்க” என்றாள். சின்ன வயசிலிருந்து அந்தக் கிணற்றில் நீர் இறைத்தவன் நான்.

கடைசியில் இரண்டும் ஆயிற்று. வந்தவுடன் முன்னறையில் காப்பி. பிறகு பின்பக்கம் போய்த் தொட்டி நிறையத் தண்ணீர். இரண்டு பெண்களுக்கும் திருப்தி.

கட்டிலுக்கடியில் கரி

பேறு ஒன்றரை நாள் நீண்டது. என்னை உள்ளே விடவில்லை. சந்து முனையில் நின்று லியென் கத்துவதைக் கேட்டேன். ஒரு கட்டத்தில் அவள், “மா, மா” என்று தன் அம்மாவைக் கூப்பிட்டாள். உடனே அம்மையின் குரல், “இங்கதான் இருக்கேன் மக்ளே” என்றது. அவளை அவள் அம்மாவிடம் கொண்டுபோய் விடாத குற்றம் அந்த ஒன்றரை நாளும் என்னைப் பிடுங்கித் தின்றது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்க மாட்டேன்.

சத்தம் அடங்கிய பிறகும் ஒருவரும் வெளியே வரவில்லை. மாமியார் வீட்டுக்குத்தான் முதலில் சேதி போக வேண்டும் என்று அம்மை கரமனைக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அக்கா கற்கண்டு வாங்கிக்கொண்டு வண்டி பிடித்து வந்து சொன்னாள், எனக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று. நூறு அடி தூரத்தில் பிறந்த பிள்ளையின் சேதி கரமனை போய்த் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் கதவு மறைவிலிருந்து கேள்வி வந்தது. “மாப்பிள்ளை அந்த ஊர்ல இருந்தவரு. அங்க பெத்தவளுக்கு அம்மைக்காரி என்ன செய்வான்னு சொல்லணும்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெற்றவளை ஒரு மாதம் கட்டிலில் படுக்கவைத்து, கட்டிலுக்கடியில் சட்டியில் கரி நெருப்பு வைத்துச் சூடு காட்டுவார்கள். பேறு பார்த்த மருத்துவச்சி, “பிள்ளையையும் பெத்த தள்ளையையும் சுட்டுத் தின்னவா?” என்று கேட்டாளாம். அம்மை கேட்கவில்லை. “அவ அம்மை என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்யணும்” என்று சொல்லிவிட்டாள். பொன்முடி மலைப் பக்கத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கரி கொண்டுவரும் வண்டிக்காரனிடம் சொல்லி மூட்டை இறக்கினேன்.

அந்த ஊர்க் கட்டில் மூங்கில் பலகை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கட்டில் கயிற்றுக் கட்டில். ஒரு மணி நேரத்தில் தென்னங்கயிறு கருகிப் புகைந்தது. அம்மை சட்டியை வெறுங்கையால் இழுத்து வெளியே வைத்தாள். உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. லியெனுக்கோ பிள்ளைக்கோ ஒரு கீறல் இல்லை. மறுநாள் பலகைக் கட்டில் வந்தது. அம்மை கையில் துணி சுற்றிக்கொண்டு ஒரு மாதமும் அந்த நெருப்பை அணையாமல் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது, வீட்டுக்குத் திரும்பலாம் என்று தொண்ணூறாம் நாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

“மாப்பிள்ளை வீடு பாத்தாச்சா?” என்று கதவு கேட்டது.

“எந்த வீடு?”

“புருசன் வீடு. பொண்ணை எப்பவும் பெறந்த வீட்ல வச்சுக்க முடியுமா?”

கரமனை வீடு

கரமனையில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அம்மை பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக்கொடுத்து, பிள்ளையை லியென் கையில் கொடுத்து, கதவு மறைவுக்குப் போய் நின்று அழுதாள். பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தாள்.

கரமனையில் யாருக்கு என்ன வேலை என்பதே மாறிப்போயிற்று. லியென் ஊரில் சந்தை பெண்களுடையது. பிள்ளை உட்காரத் தொடங்கியதும், காலை நேரத்தில் கடையைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். கடைக்கு வருகிறவர்கள் பேசிய மலையாளம் அவளுக்குத் தமிழைவிடச் சீக்கிரம் வந்தது. ஆணியும் கீலும் எடைபோட்டுக் கொடுத்தாள். கடைத்தெருவில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அவள் சொன்ன எடையை மறுபடி பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நான் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டினேன், கஞ்சி வைத்தேன், சோறு வடித்தேன்.

இது அம்மை காதுக்குப் போயிற்று. மகனாக இருந்தபோது என்னை அடுப்புப் பக்கம் அண்டவிடாதவள் அவள். இப்போது, “மாப்பிள்ளை சோறு வைக்காராமே. எம் மகளுக்கு நல்ல எடம் வாச்சிருக்கு” என்று சந்து முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

எனக்கும் லியெனுக்கும் சண்டை வந்தால், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். கூப்பிடப் போனால் கதவு மறைவிலிருந்து எனக்குப் புத்திமதி கிடைக்கும். “எம் பொண்ணு வாயில்லாதவ, மாப்பிள்ளைதான் பொறுத்துப் போகணும்.” லியெனுக்கா வாயில்லை? என் பக்கம் பேச உலகத்தில் ஒரு ஆள் உண்டு என்று நினைத்திருந்தேன். அந்த ஆள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அம்மை வந்தாள். பதினொரு நாள் கரமனை வீட்டில் இருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், கஷாயம் வைத்தாள். எல்லாவற்றையும் லியென் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மை அறைக்குள் வரவில்லை. நான் “அம்மை, அம்மை” என்று கூப்பிட்டேன். கதவுக்கு வெளியே அவள் இருமுவது கேட்டது. லியென் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பார்த்தாளாம். அம்மை நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டாள். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல். அவள் கை ஒரு தரம் நெற்றியில் பட வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டேன். யுத்தம் முடியட்டும். கப்பல் ஓடட்டும். லியெனை மீத்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் அம்மா முன்னால் நிறுத்துவேன். அவளுக்கு அவள் அம்மா கிடைத்துவிட்டால், எனக்கு என் அம்மை கிடைத்துவிடுவாள். தினமும் பத்திரிகையில் யுத்தச் செய்தியை ஒரு வரி விடாமல் படித்தேன். ஊரெல்லாம் யுத்தத்தால் நின்றுபோன அரிசி வரக் காத்திருந்தது. நான் அம்மைக்காகக் காத்திருந்தேன்.

மீத்தோ கடிதம்

யுத்தம் முடிந்து மாதங்கள் கழித்து, கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் நாள் என்று லியென் கடைக்கு வரவில்லை. எழுதியவன் அவள் அண்ணன். அந்த எழுத்து எனக்குக் கூட்டிப் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்தேன். அம்மா இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று எழுதியிருந்தான். அங்கேயிருந்து போட்ட கடிதங்களும் வந்து சேரவில்லை. கணக்குப் பார்த்தால், எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்த சமயம்.

கரமனைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பின்சந்துக்குப் போனேன்.

“மாப்பிள்ளை இந்நேரத்தில? பிள்ளைக்குச் சுகமா?” என்றது குரல்.

“சுகம்தான். லியெனுக்க அம்மை போயிட்டா. நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் காயிதம் வந்தது.”

கதவு இடைவெளியில் முந்தானை அசைந்தது.

“அவளுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் லியெனை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். வாய் தானாகப் பேசிவிட்டது.

“சண்டை தீந்தா எல்லாம் பழையபடி ஆகும்னு இருந்தேன் அம்மை. இனி ஆகாது இல்லியா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னை நீன்னு கூப்பிடு.”

கதவு திறந்தது. அம்மை வெளியே வந்து என் முன்னால் நின்றாள். அவள் முகத்தை நான் நேராகப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கன்னம் ஒட்டி, ஒரு பக்கம் பல் விழுந்து, வேறு யாரோ போல் இருந்தாள். கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள்.

“நான் ஒன்ன மகன்னு கூப்பிட்டா, அவ மருமகளாயிருவாடே” என்றாள். “ரெண்டு வருசம் மருமகளா வச்சு நான் அவளை என்ன பாடு படுத்தினேன்னு ஒனக்குத் தெரியும். இப்ப பெத்தவளும் இல்ல. நான் இல்லாட்டாலும் ஒனக்கு அவ இருக்கா. அவளுக்கு யாரு இருக்கா, சொல்லு.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் தலையைத் தடவினாள். பிறகு கையை எடுத்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“மாப்பிள்ளை ஒரு வண்டி கூப்பிடணும்” என்றாள். “எம் மக கிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்.”

நான் வண்டி கூப்பிடப் போனேன்.